நான் இல்லாத நேரத்தில் என் பெயரில் கதவு திறக்கக் கூடாது: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தாருக்கும் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை நான்கு முறை படித்தேன். வாடிக்கையாளர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளும் பராமரிப்புக் குழுவில் உள்ள எட்டுப் பேரும் மாலையில் வீட்டுக்குக் கிளம்பினாலும் எங்கள் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டை, அதாவது அந்தக் கணினிகளுக்குள் நுழையும் சாவிகளை மடிக்கணினியில் வைத்திருந்து எங்களுக்காகக் கையொப்பமிடும் நிரலை, பொது சர்வரில் ஓடும் தானியக்கக் கன்டெய்னருடன் இணைத்தே வைத்திருக்க வேண்டும். கன்டெய்னர் என்பது சர்வருக்குள் தனி அறைபோல் பிரித்துவைத்த சூழல்; தானியக்கக் கருவி அதற்குள்தான் ஓடுகிறது. மடிக்கணினியை இரவில் அணைக்கக் கூடாது. எங்கள் சாவிகளைக் கொண்டு அந்தக் கன்டெய்னர் இரவு வேலைகளைத் தானே முடித்துக்கொள்ளும் என்கிறது அந்த அறிக்கை. இதற்கு நான் உடன்பட முடியாது. அலுவலகத்துக்குள் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இதே தொழிலில் இருக்கும் நண்பர்கள் தங்கள் இடங்களிலும் இப்படித்தான் நடக்கிறது என்கிறார்கள். ஆகவே நிறுவனத்தின் பெயரையோ எவருடைய பெயரையோ குறிப்பிடாமல் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அக்டோபர் மாதத்து அந்த இரவிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் அதைத் ‘தனிநபர் கவனக்குறைவு’ என்று ஒரு வரியில் எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள்.

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் ஓர் அரிசி ஆலை நம் வாடிக்கையாளர். குறுவை அறுவடை முடியும்வரை எடைமேடைக் கணினிகளில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம் என்று ஆலைக்காரர் செப்டம்பரிலேயே கேட்டுக்கொண்டார். நாமும் ஒப்புக்கொண்டோம். வாய்வார்த்தையோடு நிறுத்தவில்லை, தானியக்கக் கருவிக்கென்று இருந்த பொதுச்சாவியை (நம் பக்கம் ரகசியமாக இருக்கும் தனிச்சாவிக்கு ஜோடியாக எதிர்முனைக் கணினியில் பதிந்துவைப்பது) அந்த ஆலையின் எல்லாக் கணினிகளிலிருந்தும் எடுத்துவிட்டோம். கருவி தவறிப்போய் அந்தப் பக்கம் சென்றாலும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரும்பிவிடும். யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு அது.

அன்று மாலை வேறொரு வாடிக்கையாளரின் ரசீது அச்சுப்பொறியைச் சரிசெய்ய, வீட்டிலிருந்து என் ஏஜென்ட்டைப் பொது சர்வருக்கு முன்னனுப்பி, அதாவது அங்கிருந்தும் அதனிடம் கையொப்பம் கேட்கும்படி நீட்டி, அப்படிக் கேட்கும் வாசலான சாக்கெட்டைக் கன்டெய்னருக்குள் இணைத்து வேலை பார்த்தேன். வேலை முடிய இரவு பத்தரை ஆயிற்று. இணைப்பைத் துண்டிக்காமல் படுத்துவிட்டேன். அது என் பிழை. மறுநாளே ஒப்புக்கொண்டேன், இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

அதிகாலை 1.40 மணிக்குக் கருவியின் கால அட்டவணைப்படி ஒரு புதுப்பிப்பு வேலை தொடங்கியது. நாம் எடுத்தது சாவியை மட்டும்தான். இயந்திரங்களின் பட்டியலில் ஆலையின் பெயர் அப்படியே இருந்தது. கருவியின் சொந்தச் சாவியை ஆலைக் கணினிகள் ஏற்கவில்லை. அங்கே நின்றிருக்க வேண்டிய வேலை நிற்கவில்லை. தனியாகத் தடுத்துச் சொல்லாவிட்டால், ஏஜென்ட்டில் உள்ள சாவிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது எஸ்எஸ்எச்சின் இயல்பு. கன்டெய்னருக்குள் என் சாக்கெட் திறந்து கிடந்தது. கருவி கேட்டது; நீடாமங்கலத்தில் என் மேசைமேல் இருந்த மடிக்கணினி கையொப்பமிட்டுக் கொடுத்தது; கதவு திறந்தது. எடைமேடையிலிருந்து எண்ணை வாங்கும் போர்ட்டின் அமைப்புக் கோப்பு மாற்றி எழுதப்பட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்கு ஆலையிலிருந்து அழைப்பு. எடைமேடையில் டிராக்டர் ஏறுகிறது, திரையில் எண் வரவில்லை. நான் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தொடங்கிய வரிசை சாலைத் திருப்பம்வரை நீண்டிருந்தது. வானம் தெற்கே கறுத்துக் கிடந்தது. குறுவையைக் கடைசியில் அறுத்தவர்களுக்கு ஐப்பசி என்றாலே வயிற்றில் பயம். வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் பிடித்துக்கொள்ளும். எங்கே, எந்தக் கோப்பு மாறியது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒன்பதரைக்கு மழை இறங்கியது. தார்ப்பாய் போதாதவர்கள் வேட்டியையும் சாக்கையும் கொண்டு மூடினார்கள். ஒரு பெரியவர் எடைமேடை அறையின் சன்னலுக்கு வெளியே நின்று, “அம்மா, விடியற்காலையிலிருந்து நிற்கிறேன். நெல் முளைத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?” என்றார். அவருக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்? சாக்கெட் என்றா, கன்டெய்னர் என்றா?

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாகத் திருப்பி அனுப்புவார்கள். தனியாரிடம் திருப்பி அனுப்புவதில்லை, விலையைக் குறைப்பார்கள். அன்று வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு எவ்வளவு குறைந்தது என்று நம்மில் எவரும் கணக்கெடுக்கவில்லை. பகல் பதினொன்றுக்கு எடைமேடை இயங்கியதும் நமக்கு விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆலைக் கணினிகளின் லாக்கில், அதாவது நுழைவுப் பதிவில், ‘பொதுச்சாவி ஏற்கப்பட்டது’ என்ற வரியும் அதனருகே என் சாவியின் கைரேகைக் குறியீடும் இருந்தன. வந்த முகவரி பொது சர்வருடையது. நாங்கள் எட்டுப் பேரும் அங்கிருந்துதான் போகிறோம். அந்த வரியைப் படிப்பவருக்கு நள்ளிரவில் நானே உள்ளே நுழைந்து கோப்பை மாற்றியதாகத்தான் தோன்றும். சாவியை இயக்கியது மனிதரா, கன்டெய்னரா என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. கன்டெய்னருக்குள் கருவி எழுதிவைத்த வேலைப் பதிவின் நேரமும் ஆலை லாக்கின் நேரமும் நொடி பிசகாமல் ஒத்துப்போவதைக் காட்டி மூன்று நாள் போராடினேன். அந்தப் பதிவு இருந்ததால் தப்பித்தேன். அந்தக் கன்டெய்னரோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அழித்துப் புதிதாகத் தொடங்கப்படுவது. ஞாயிறு கடந்திருந்தால் என்னிடம் காட்ட ஒன்றுமே இருந்திருக்காது.

இவ்வளவும் நடந்த பின் வந்ததுதான் உங்கள் சுற்றறிக்கை. அன்று என் பிழையால் ஒரே ஓர் இரவு திறந்து கிடந்ததை, இனி எட்டுப் பேரும் எல்லா இரவும் திறந்து வைக்க வேண்டும் என்கிறீர்கள்.

‘தனிச்சாவி ஏஜென்ட்டை விட்டு வெளியே போவதே இல்லை; ஆகவே இது பாதுகாப்பானது’ என்று அறிக்கையின் இரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. ஏன் என்பதை எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கொண்டு சொல்கிறேன்.

என் அப்பா பொதுப்பணித்துறையில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவர். நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு, அதற்குக் கீழே பிரியும் வாய்க்கால் மதகுகள் எல்லாம் எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடி எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் அதற்கு எண்ணெய் போடுவார். யார் வந்து கேட்டாலும் கைப்பிடியைக் கொடுக்க மாட்டார். திறக்க உத்தரவு இருந்தால் தானே போய்த் திறப்பார். கைப்பிடி கை மாறுவதில்லை. நீங்கள் பெருமையாகச் சொல்லும் ஏஜென்ட்டும் இந்த அளவுக்கு அப்பாவைப் போலத்தான்: சாவியைக் கொடுக்காது, கேட்டால் கையொப்பத்தை மட்டும் போட்டுத் தரும்.

ஆனால் அப்பா இன்னும் சில காரியங்கள் செய்வார். கேட்பவர் யார், எந்த மதகு, எத்தனை அங்குலம், யாருடைய உத்தரவு, முறைப்பாசனத்தில் இன்று யாருடைய முறை என்று பார்ப்பார். திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் நோட்டில் எழுதுவார். தண்ணீர் குறைவாக வந்த ஒரு வருடம், ஊர்ப் பெரிய மனிதர்கள் நான்கு பேர் இரவு பதினோரு மணிக்கு வந்தார்கள். “நீ ஏன் அலைய வேண்டும், தூங்கு. நாங்களே திறந்து, விடிவதற்குள் மூடிவிடுகிறோம்” என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. காலையில் கடைமடைக்காரன் வந்து தண்ணீர் எங்கே என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எஸ்எஸ்எச் ஏஜென்ட் இந்த இரண்டாவது காரியம் எதையும் தானாகச் செய்யாது. சாக்கெட் என்கிற வாசலைத் தொட முடிந்த எவருக்கும் அது கையொப்பமிடும். வந்தவர் நானா, என் பக்கத்து நாற்காலிக்காரரா, இணையத்திலிருந்து இறக்கிய ஏதோ ஒரு நிரல்துண்டா என்று கேட்காது. எங்கே நுழைவதற்கு என்றும் கேட்காது. நம் பொது சர்வரில் எட்டுப் பேரும், கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளை இயக்க உரிமை உள்ள டாக்கர் குழுவில் இருக்கிறோம். டாக்கர் குழுவில் இருப்பது நடைமுறையில் அந்த இயந்திரத்தில் ரூட் என்னும் முழு அதிகாரத்துக்குச் சமம் என்று டாக்கரின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே அங்கே திறந்திருக்கும் ஒவ்வொரு சாக்கெட்டும் எட்டுப் பேருக்கும் திறந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறோம், அதில் குறை இல்லை. கன்டெய்னருக்குள் வாரந்தோறும் புதிதாக வந்து உட்காரும் நிரல்தொகுப்புகளை நாங்கள் எவரும் படித்துப் பார்த்ததில்லை.

நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் கையேடு இதை மறைக்கவில்லை. தொலை இயந்திரத்தில் கோப்பு அனுமதிகளைத் தாண்டக்கூடியவர், முன்னனுப்பிய ஏஜென்ட்டைப் பயன்படுத்த முடியும். சாவியை எடுக்க முடியாவிட்டாலும் அந்தச் சாவியால் நுழையக்கூடிய இடமெல்லாம் நுழைய முடியும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மேட்ரிக்ஸ் என்கிற திறந்த அரட்டைச் சேவையின் சர்வர்களுக்குள் ஒருவர் புகுந்திருந்தது 2019 ஏப்ரலில் தெரியவந்தது. பழைய பதிப்பில் ஓடிய ஜென்கின்ஸ் என்ற தானியக்கக் கருவியின் ஓட்டை வழியே நுழைந்து, முன்னனுப்பப்பட்டிருந்த எஸ்எஸ்எச் சாவிகளைப் பிடித்துக்கொண்டு முதன்மை சர்வர்களை அடைந்ததாக அவர்களே வெளியிட்டார்கள். தானியக்கக் கருவி, திறந்து கிடந்த ஏஜென்ட், பொது இயந்திரம்: நம்மிடம் இருக்கும் அதே மூன்று பொருள்கள். 2023 ஜூலையில் இன்னொன்று வெளியானது. ஏஜென்ட்டை முன்னனுப்பி வைத்திருந்தால், எதிர்முனையில் இருப்பவர் சில சூழல்களில் நம் மடிக்கணினியிலேயே நிரலை ஓட்ட முடியும் என்ற குறை கண்டுபிடிக்கப்பட்டு, 9.3பி2 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. எங்கள் எட்டு மடிக்கணினிகளில் மூன்று அதற்கு முந்தைய பதிப்பில் இன்றும் ஓடுகின்றன. அந்த விவரத்தையும் உங்களுக்கு எழுதியிருந்தேன்.

உங்கள் தரப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடம் முன்பு இங்கே நடந்தது இதைவிட மோசம். பொதுவான ஒரு தனிச்சாவியை, கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் டாக்கர் இமேஜுக்குள்ளேயே நகலெடுத்து வைத்து, அடுத்த வரியில் அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். இமேஜ் அடுக்கடுக்காகச் சேர்வது. மேலடுக்கில் அழித்தது கீழடுக்கில் அப்படியே இருக்கும். இமேஜ் யாரிடம் போனாலும் சாவியும் கூடவே போகும். அதை நிறுத்தி ஏஜென்ட்டுக்கு மாறச் சொன்னவர் இன்றைய தொழில்நுட்பப் பொறுப்பாளர்தான். அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒருவர் தன் சொந்த மடிக்கணினியில், தான் கண் முன்னே பார்த்து ஓட்டும் கன்டெய்னருக்கு ஏஜென்ட்டைக் காட்டுவதில் தவறும் இல்லை. நம் தானியக்கக் கருவியான ஆன்சிபிளைக் கன்டெய்னருக்குள் ஓட்டும் ஆன்சிபிள் நேவிகேட்டர் போன்ற கருவிகள் சாக்கெட்டைத் தாமே கன்டெய்னருக்குள் இணைத்துக்கொள்வது இந்தப் பயன்பாட்டுக்குத்தான். ஆளும் இருக்கிறார், வேலையும் நடக்கிறது, முடிந்ததும் கன்டெய்னர் போய்விடுகிறது. ஆள் இல்லாதபோது ஓடும் வேலைக்கு அந்த வசதியை அப்படியே நீட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன். ஆன்சிபிள் எதிர்முனைக் கணினியில் தனக்கென்று எதையும் நிறுவிவைப்பதில்லை; எஸ்எஸ்எச் வழியே வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறது. அதன் அதிகாரம் முழுவதும் அது பிடித்திருக்கும் சாவியில்தான் இருக்கிறது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் கேளுங்கள். முன்னனுப்பிய சாக்கெட் எங்கள் இணைப்பு உயிரோடு இருக்கும்வரைதான் வேலை செய்யும். நவம்பரில் காற்றும் மழையுமாக இருந்த ஓர் இரவில் எங்கள் ஊரில் மின்சாரம் போனது, ரவுட்டர் அணைந்தது. அன்று என் சக பணியாளர் ஒருவர் பொறுப்பாளரின் அனுமதியோடு இதே முறையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் 40 கணினிகளுக்குப் புதுப்பிப்பை ஓடவிட்டிருந்தார். அவர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. 17 கணினிகள் மாறின, மீதி 23 மாறவில்லை. பாதி பழையது, பாதி புதியது என்று இருந்த அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைச் சரிசெய்ய நாங்கள் இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த மாவட்டங்கள் இவை. இந்த ஊரில் எட்டு வீடுகளின் மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி இரவு வேலையைக் கட்டுவது எப்படிச் சரியாகும்?

சட்டத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, மற்றொருவரின் மின் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ தனித்த அடையாளத்தையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. உங்கள் நோக்கத்தில் நேர்மையின்மை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒருவருடைய அடையாளம் அவருக்கே உரியது என்று சட்டம் எவ்வளவு அழுத்தமாகக் கருதுகிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அதில் குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. உள்ளே போனது யார் என்று நமக்கே மூன்று நாள் தெரியாமல் இருந்ததே, ஆறு மணி நேரத்தில் யாருக்கு என்ன தெரிவிப்போம்?

கருவிக்கென்று புதிதாகச் சாவி ஏற்பாடு செய்தால் 300க்கும் மேற்பட்ட கணினிகளில் புதுப் பொதுச்சாவியைச் சேர்க்க வேண்டும், அத்தனை வேலைக்கு ஆள் இல்லை என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அந்த வேலையைச் செய்யத்தான் தானியக்கக் கருவியே இருக்கிறது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சாவியால் பகலில் ஒரு முறை ஓட்டினால், கருவி தன் புதிய பொதுச்சாவியைத் தானே எல்லாக் கணினிகளிலும் எழுதிவிடும். தஞ்சாவூர் மாவட்டத்துக் கணினிகள் ஒரு நாள், திருவாரூர் ஒரு நாள், நாகையும் மயிலாடுதுறையும் ஒரு நாள். வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அதற்குத்தான் நேரம் ஆகும். அந்தத் தொலைபேசி அழைப்புகளை நானே செய்கிறேன்.

என் கோரிக்கைகளை எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பணி நேரத்துக்கு அப்பால் எவருடைய ஏஜென்ட்டும் பொது சர்வருடன் இணைந்திருக்கக் கூடாது என்று அதற்குப் பதிலாக ஓர் உத்தரவு போடுங்கள்.

இரவில் தானாக ஓடும் வேலைக்கு அதன் சொந்தப் பெயரில் சாவி கொடுங்கள். ஒரே சாவி எல்லா இடத்துக்கும் வேண்டாம். வாடிக்கையாளர் குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி. எதிர்முனைக் கணினியின் அனுமதிக் கோப்பில் ஒரு பொதுச்சாவியை எந்த முகவரியிலிருந்து மட்டும் ஏற்கலாம் என்று எழுத இடம் இருக்கிறது. நம் சர்வரின் முகவரியை அங்கே எழுதுங்கள். ஏஜென்ட் முன்னனுப்பல் போன்றவற்றை மொத்தமாகத் தடுக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லும் 2016 முதல் இருக்கிறது. ஆன்சிபிள் பல கட்டளைகளை ஓட்டும் கருவி என்பதால் ஒரே கட்டளைக்கு அதைக் குறுக்குவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். முகவரியையாவது குறுக்கலாம். இதைவிட நல்ல வழி சான்றிதழ் முறை. 2010இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச்சில் அது உண்டு. இரவு வேலைக்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும் செல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தால், விடியும்போது அது தானே செத்துவிடும். இரண்டில் எது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கருவி சொந்தச் சாவியை மட்டுமே முயல வேண்டும், ஏஜென்ட்டில் இருக்கும் மற்றவற்றைத் தொடக் கூடாது என்ற ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி’ அமைப்பை இன்றே அதன் கோப்பில் எழுதுங்கள். ஒரே வரிதான். அக்டோபரில் அந்த வரி இருந்திருந்தால் ஆலை வாசலில் வரிசை நின்றிருக்காது.

பகலில் நாங்கள் நேரடியாகச் செய்யும் வேலைக்கும் ஒழுங்கு வேண்டும். எல்லாச் சாவிகளையும் ஒரே ஏஜென்ட்டில் குவிக்காமல், வேலைக்கென்று தனி ஏஜென்ட், அதில் ஒரே சாவி. சாவியைச் சேர்க்கும் கட்டளையிலேயே ஆயுளை நிர்ணயிக்கலாம். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் முன் எங்களைக் கேட்கச் சொல்லலாம். கேட்பது யார் என்று முழுதாகத் தெரியாவிட்டாலும், ஒருவர் கேட்கிறார் என்பதாவது தெரியும். 2022இல் வந்த 8.9 பதிப்பிலிருந்து, ஒரு சாவியை எந்த இயந்திரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்றும் கட்டலாம். மடிக்கணினி, கன்டெய்னர், எதிர்முனைக் கணினி மூன்றிலும் அந்தப் பதிப்பாவது வேண்டும். ஆகவே மூன்று பழைய மடிக்கணினிகளையும் இந்த மாதமே புதுப்பியுங்கள். சர்வரைத் தாண்டி அடுத்த இயந்திரத்துக்குப் போக மட்டும்தான் ஏஜென்ட்டை முன்னனுப்புகிறோம் என்றால், நடு இயந்திரத்தை வெறும் வழியாக மட்டும் பயன்படுத்தும், கையேடு பரிந்துரைக்கும் இடைத்தாவல் முறை 2016 முதல் கையில் இருக்கிறது; முன்னனுப்பல் தேவையே இல்லை.

டாக்கர் குழுவிலிருந்து எட்டுப் பேரையும் எடுங்கள், என்னையும் சேர்த்து. ரூட் அதிகாரம் இல்லாமல் கன்டெய்னர்களை ஓட்டும் பாட்மேன் என்ற மென்பொருள் போதும். கன்டெய்னரின் வேலைப் பதிவுகளை ஞாயிற்றுக்கிழமை அழிப்பதை நிறுத்தி, வெளியே ஓர் இடத்தில் 180 நாள் வையுங்கள். வாடிக்கையாளர் ‘எதையும் தொடாதீர்கள்’ என்று சொன்னால், சாவியோடு இயந்திரப் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

என் கோப்பில் இருக்கும் ‘தனிநபர் கவனக்குறைவு’ என்ற வரியைத் திருத்துங்கள். இணைப்பைத் துண்டிக்காமல் போனது என் பிழை என்று எழுதுங்கள். ஆலைக் கணினிகளை மாற்றியது கருவியின் கால அட்டவணை வேலை என்றும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆலைக்காரருக்கு நாம் அனுப்பிய கடிதத்தில் ‘மழையால் ஏற்பட்ட கோளாறு’ என்றிருக்கிறது. மழை ஒன்பதரைக்கு வந்தது. எடைமேடை நின்றது அதற்கு முன். அவருக்கு உண்மையைச் சொல்லித் திருத்திய கடிதம் போக வேண்டும். அன்று வரிசையில் காத்திருந்தவர்களின் பெயர்கள் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. ஈரத்துக்காக அவர்களுக்குக் குறைத்த தொகை எவ்வளவு என்று ஆலையிடம் கேட்டு, அதில் நம் பங்கு என்ன என்பதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

தை பிறந்தால் சம்பா அறுவடை தொடங்கிவிடும். எல்லா ஆலைகளிலும் எடைமேடை இரவு பகலாக ஓடும். ஆகவே மார்கழி முடிவதற்குள் பதில் வேண்டும். பதில் வரும்வரை என் பகல் வேலையில் ஒரு குறையும் இருக்காது. அவசரம் என்றால் நள்ளிரவிலும் அழையுங்கள், எழுந்து உட்கார்ந்து என் கையால் செய்கிறேன். என் ஏஜென்ட்டை மட்டும் அந்தக் கன்டெய்னருடன் விட்டுவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பராமரிப்புக் குழுவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுபவள்,
நீடாமங்கலம்.